தொழில் நிமித்தம் மாமி வீடு

என் கணவர் காப்புறுதி விற்கிறவர். கனடாவில், ஸ்காபரோவில் அவர் கதவு தட்டாத மாடிக் கட்டடம் இல்லை. காருக்கு ஆகும் செலவில் தொழிலுக்காக ஓடிய பங்கை வருமான வரியில் கழிக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீற்றர் என்று எழுதி வைக்கவேண்டும் என்று எங்களுக்கு வரிக்கணக்குப் பார்க்கும் அண்ணை ஒருநாள் சொன்னார். அன்று பிடித்தது சனி.

காருக்குள் ஒரு கொப்பி வந்தது. மீற்றரைப் பார்த்து எழுதாமல் மனுசன் காரை நகர்த்தமாட்டார். பால் வாங்கப் போனால் கடைக்காரரிடம் தன் விசிற்றிங் கார்டை நீட்டுவார். உடனே அது தொழில் ஓட்டம். கோயிலுக்குப் போனால் ஐயருக்கு ஒன்று. ஒரு செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி யாருக்கோ நீட்டப்போனார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அம்மா விஷயத்தில்தான் முடியவில்லை. அம்மா கிழக்கே பக்கத்து ஊரான பிக்கரிங்கில் என் தம்பி வீட்டில் இருக்கிறார், பகல் முழுக்கத் தனியே. எனக்குக் கார் ஓடத் தெரியாது. வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லாததால் அன்றைக்கு இவர்தான் கூட்டிப்போவார்.

"இந்த மாசம் சொந்த ஓட்டம் கூடிப்போச்சுது. வாற மாசம் பாப்பம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதேன். அம்மா அழவில்லை. "போனை அவரிட்டக் குடு பிள்ளை" என்றார்.

"தம்பி, நானும் ஒரு இன்சூரன்ஸ் எடுப்பம் எண்டு யோசிக்கிறன். வந்து விளங்கப்படுத்துங்கோ" என்று மருமகனிடம் சொன்னார்.

அந்த வியாழன் கார் பறந்தது. கொப்பியில் 'வாடிக்கையாளர் சந்திப்பு' என்று ஏறியது. அம்மா புட்டும் மீன்குழம்பும் பரிமாறி, கன்னத்தில் கைவைத்து விளக்கம் கேட்டார். கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி. வாற கிழமையும் வாங்கோவன்" என்றார். வருடம் முழுக்க யோசித்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

வரிக் காலம் வந்தது. அண்ணை கொப்பியைப் புரட்டினார்.

"தம்பி, உந்தப் பிக்கரிங் ஆள் என்ன பொலிசி எடுத்தவர்?"

"இன்னும் எடுக்கேல்லை அண்ணை."

"என்ன வயசு?"

"எழுபத்தொன்பது."

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் அது?"

இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "என்ர அம்மா."

அண்ணை சிரித்துச் சிரித்தே வியாழக்கிழமைகள் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வெட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அம்மாவைப் பார்க்க எந்தச் சாட்டும் இல்லை.

காரில் ஏறியதும் கேட்டே விட்டேன். "அந்த வயசுக்கு உங்கட கொம்பனி பொலிசி குடுக்காதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"முதல் நாளே தெரியும்."

"பிறகேன் கிழமைக்குக் கிழமை போய் விளங்கப்படுத்தினனீங்கள்?"

காரைக் கிளப்பினார். "மற்றவை நான் வாய் திறக்க முதலே கதவைச் சாத்தினம். மாமி மட்டும்தான் கடைசி மட்டும் இருந்து கேக்கிறவ."

கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறியது. கொப்பி பின்சீட்டில் கிடந்தது. "வாறம் எண்டு மாமிக்குச் சொல்லும்" என்றார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"வரச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "நான் இன்னும் யோசிச்சு முடிக்கேல்லை."