ஹாஜியாருக்கு ஏழாம் போர்ட்டா?

கல்முனைக்குடியில் இறங்கி “வயர் ஹாஜறா வீடு எது?” என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அவளுடைய கணவன் முத்தலிப் நான். என்னை இப்போது “வயர் ஹாஜறாட மாப்பிள்ளை” என்கிறார்கள். ஒருகாலத்தில் நிலைமை இப்படியில்லை. ஊரில் கலியாணமோ கந்தூரியோ நடந்தால் சஹன் வைக்க என்னைத்தான் தேடி வருவார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். முதல் சஹன் யார் முன்னால் போகவேண்டும், மூன்றாவது யாருக்கு, மாப்பிள்ளையின் மாமா எங்கே உட்காருவார் என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. இருபது வருடத்தில் ஒரு பிழை விட்டதில்லை. விட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டதில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் இறக்காமத்தில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். அதனால் தப்பினோம். திரும்பி வந்தபோது வீடு இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்ற என் தங்கையும் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், எழுதினால் அழுதுவிடுவேன். ஹாஜறாவின் தையல் மெஷின் நாலு நாளைக்குப் பிறகு மண்ணுக்குள் கிடைத்தது, துருப்பிடித்த தலை மட்டும். அந்த மெஷினில்தான் அவள் பெருநாளைக்கு அறுபது சட்டை தைப்பாள். கூடாரத்தில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. என்னோடு சண்டை பிடித்தாள், அடுத்த கூடாரத்தோடும் சண்டை பிடித்தாள்.

வீடிழந்தவர்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைத்தபோது நான் அதில் எழுதுவினைஞன் ஆனேன். தலைவர் அப்துல் கபூர் ஹாஜியார். அலுவலகக் கட்டடத்தில் கீழ்மாடி எங்களுக்கு, மேல்மாடி ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்கு. அவர்களுடைய கூரையில் இன்டர்நெட்டுக்கு ஒரு பெரிய சட்டி அன்டெனா இருந்தது. கணினிகளுக்கு வயர் இழுக்கக் காரைதீவிலிருந்து பூபாலசிங்கம் என்ற டெக்னீஷியன் வந்தார். ஒரு வயருக்குள் எட்டு மெல்லிய கம்பி. வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை என்று வரிசையாக அடுக்கி நுனியில் செருகவேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மனிதர் தடுமாறிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு கொண்டுவந்த ஹாஜறா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தாங்க இஞ்ச. நூல் கோக்கிற மாதிரித்தானே?” என்றாள். அவர் ஒன்று செய்து முடிப்பதற்குள் இவள் மூன்றை முடித்துவிட்டாள்.

“தங்கச்சி, நீங்க இந்த வேலையை விட்டிராதீங்க,” என்றார் பூபாலசிங்கம். மேல்மாடிக்காரர்கள் நடத்திய இரண்டு கிழமை வயர் வேலை வகுப்புக்கு அவளுடைய பெயரையும் தானே எழுதிக்கொடுத்தார்.

வகுப்பு முடிந்து வந்தவளை வேலைக்கு எடுக்க ஹாஜியாருக்கு மனமே இல்லை. “பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் சரிவருமா முத்தலிப்? சரி, பாப்பம். ஒருக்கா லைன் நிண்டாலும் கொழும்பால ஆள் எடுப்பன், மறுகா கோவிக்கப்படாது,” என்றார். ஹாஜறா தலையாட்டினாள். அன்றிரவு அவள் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வேலை போனால் சிரிப்பும் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் அறையின் சுவரில் ஒரு சிறிய சுவிட்ச் பெட்டி. லைட் போடும் சுவிட்ச் இல்லை, கணினிகளின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. வயர் செருகும் துளையை அவள் போர்ட் என்பாள். வரிசையாக எட்டுப் போர்ட், ஓரத்தில் அப்லிங்க் என்று தனியாக ஒன்று. கணினியைப் பெட்டியோடு சேர்ப்பது ஒரு வகை, பெட்டியைப் பெட்டியோடு சேர்ப்பது வேறு வகை என்று ஹாஜறா விளக்கினாள். இந்தப் பக்கம் பேசும் கம்பி அந்தப் பக்கம் கேட்கும் கம்பியில் போய் முடியவேண்டுமாம். எங்கள் பெட்டியும் மேல்மாடிப் பெட்டியும் அப்படிப் பேசிக்கொள்ளத்தான் அப்லிங்க். ஆனால் ஒன்றாம் போர்ட்டும் அப்லிங்கும் உள்ளே ஒரே பாதை. அப்லிங்கில் வயர் இருந்தால் ஒன்றாம் போர்ட் வெறுமையாகக் கிடக்கவேண்டும். அதனால்தான் அதன் வாயில் பிளாஸ்டர் ஒட்டி வைத்தாள். இவ்வளவையும் அவள் சொல்லச் சொல்ல நான் “ஓம், ஓம்” என்றேன். காதில் வாங்கினேனா? இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நூற்று நாற்பது குடும்பங்களுக்குப் புது வீடு கேட்கும் பட்டியல் பின்னேரம் மூன்று மணிக்குள் மின்னஞ்சலில் கொழும்புக்குப் போகவேண்டும். ஹாஜறா காலையிலேயே சாய்ந்தமருதில் ஒரு பாடசாலைக்கு வயர் இழுக்கப் போய்விட்டாள். நான் தூசி தட்டும்போது பெட்டியைப் பார்த்தேன். சாமான் அறைக் கணினி இரண்டாம் போர்ட்டில். ஹாஜியாருடையது ஏழாம் போர்ட்டில்! ஒன்றாம் போர்ட்டோ வாயில் பிளாஸ்டரோடு சும்மா கிடக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்றியத் தலைவரை ஏழாவது சஹனில் உட்காரவைக்கிற கூத்து எங்கேயாவது உண்டா? பிளாஸ்டரை உரித்தேன், ஹாஜியாரின் வயரைப் பிடுங்கி ஒன்றில் செருகினேன். போதாததற்குப் பச்சை நூலால் ஒரு துண்டுக் கடதாசி கட்டி அதில் “தலைவர்” என்று அழகாக எழுதினேன். பெரிய காரியம் செய்த திருப்தியோடு பிளேன்டீ குடிக்கப் போனேன்.

பத்து மணிக்கு ஹாஜியார் கத்தினார், இன்டர்நெட் இல்லையாம். நான் சட்டி அன்டெனாவைத் திட்டினேன், காகத்தைத் திட்டினேன், கடல்காற்றையும் விடவில்லை. மேல்மாடிக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் பொத்துவிலுக்குப் போயிருந்தார்கள். பட்டியலை வெளியே ஒரு கடையில் கொடுத்து அனுப்பலாம் என்றேன். சனங்களின் அடையாள அட்டை இலக்கமெல்லாம் அதில் இருக்கிறது என்று ஹாஜியார் மறுத்துவிட்டார். ஒரு மணிக்கு என் கண்ணுக்கு முன்னாலேயே கொழும்புக்குப் போன் எடுத்து, “ஒரு ஆள் வேணும்,” என்று கதைக்கத் தொடங்கினார்.

செய்தி கிடைத்து ஒன்றே முக்காலுக்கு ஹாஜறா ஓடிவந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் வயர் நுனியை அழுத்திப் பிடிக்கும் கிரிம்பர். நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய கை பச்சை நூலில் வந்து நின்றது. அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? என்னைத் திரும்பிப் பார்த்தாள். அல்லாஹ்வே, அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. வயரைக் கழற்றி ஏழில் செருகினாள். அப்லிங்க் பக்கம் பச்சை லைட் எரிந்தது. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

“என்ன பிழை மகள்?” என்றார் ஹாஜியார்.

“ஒரு வயர் இடம் மாறி இருந்திச்சு ஹாஜியார். இப்ப சரி.”

“நீதானே இந்த வயரெல்லாம் பூட்டினாய்? நான் அப்பவே சொன்னன் முத்தலிப், பொம்புளையிட வேலை இப்பிடித்தான் முடியும். கொழும்புப் பெடியன் திங்கட்கிழம வாறானாம்.”

ஹாஜறா கிரிம்பரைப் பைக்குள் வைத்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை விட்டுப் போகத் தயாராகிவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

“நிப்பாட்டுங்க ஹாஜியார்!” என்று கத்தினேன். “அவள் சரியாத்தான் வெச்சிருந்தாள். நான்தான் மாத்தினன். உங்கள ஏழாவது எடத்தில இருத்த எனக்கு மனம் வரல்ல. அதான் ஒண்டில கொண்டு செருகினன். பிழை என்ட.”

ஹாஜியார் என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப நான் ஏழாம் போர்ட்டிலயா இரிக்கன்?”

“ஓம் ஹாஜியார்,” என்றாள் ஹாஜறா. “ரெண்டிலருந்து எட்டு வரைக்கும் எல்லாம் ஒரே வேகம். ஒண்டு மட்டும் ஆருக்கும் இல்ல.”

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். “இவன் சஹன் வைக்கிற புத்திய இதுக்குள்ளயும் கொண்டுவந்துட்டான்!” என்று சொல்லிக்கொண்டே கொழும்புக்குப் போன் எடுத்து ஆள் வேண்டாம் என்றார். அன்று பின்னேரமே ஹாஜறா பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டாள். சாவியை எனக்குக் கண்ணிலும் காட்டவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் எங்களுக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது. இருபத்துநாலு போர்ட் உள்ள பெரிய சுவிட்சும் வந்தது. இதில் அப்லிங்க் என்று தனியாக ஒன்றும் இல்லை. எதில் எதைச் செருகினாலும் பெட்டி தானே அறிந்துகொள்ளுமாம். கணினித் திரையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் வேக செட்டிங் இருந்தது. ஹாஜியாருக்கு மட்டும் உச்ச வேகத்தை நிரந்தரமாகப் பூட்டி வைப்போமா என்று கேட்டேன்.

“அவர்ர கணினிக்கு அது தெரியாதே,” என்றாள் ஹாஜறா. “ஒரு பக்கம் பிடிவாதமா நிண்டா மத்தப் பக்கம் எப்ப கதைக்கிற, எப்ப கேக்கிறண்டு தெரியாமத் தடுமாறும். ரெண்டும் தாங்களாக் கதைச்சு ஒத்துக்கொள்ளட்டும்.”

“எங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே?” என்றேன்.

“இல்ல. அங்க நீங்க ஒத்துக்கொள்ற, நான் கதைக்கிற.”

அன்று புதுப் பெட்டியின் சாவியை என் கையில் தந்துவிட்டு அவள் பகல் லுஹர் தொழப் போனாள். மேசைகளிலிருந்து வந்த வயர்களை நானே செருகி, ஒவ்வொன்றிலும் பெயர் கட்டினேன். திரும்பி வந்தவள் என்னை நம்பாமல் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஏழில் ஹாஜியார் இருந்தார். ஒன்றாம் போர்ட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பச்சை நூலில் கட்டிய கடதாசியில் “ஹாஜறா” என்று எழுதியிருந்தேன்.

“ஹாஜியார் கோவிப்பாரே,” என்றாள். ஆனால் கடதாசியை அவள் கழற்றவில்லை.

“கோவிக்கட்டும்,” என்றேன். “முதல் சஹன் ஆருக்கு வைக்கிறண்டு எனக்குத் தெரியும்.”