தொண்டையின் கனம்

ரெஹானா அக்கா இறந்த செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது அப்பாதான் அதைச் சத்தமாகப் படித்தார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. என் கண் உடனே மேலே, கூரைக்குப் போனது. அழுகைக்கு முன்னால் பயம் வந்துவிட்டது.

நாளை இரங்கல் கூட்டத்தில் படிக்க அப்பா திருத்திக் கொடுத்த தாள் ஒன்று இருக்கிறது. அதில் அக்காவின் சிரிப்பும் அவர் கொடுத்தனுப்பிய பிரியாணியும் இருக்கின்றன. எல்லாம் உண்மைதான். இது வேறு தாள். போர்வைக்குள் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் நிறுத்துகிறேன்.

இரும்புக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவது அக்காவின் வேலை. மொட்டைமாடியில் குடியிருப்புக்கான புதுத் தண்ணீர்த் தொட்டிக்காக, சங்கச் செயலாளரான அப்பா ஆள்வைத்துக் கட்டிய இரும்புத் தாங்கியைப் பார்க்க அவரே ஏறி வந்தார். நானும் போனேன்.

"யானை ஏறி நின்னாலும் தாங்கும்மா," என்றார் அப்பா.

"யானை ஏறினா இறங்கிடும் சார். தண்ணி அங்கயேதான நிக்கப்போவுது?"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூலை வெல்டிங் இரண்டு பக்கமும் இரும்பில் படிந்திருக்கும் அகலத்தைக் கால் என்பார்களாம். உள்மூலையிலிருந்து வெளிமுகம்வரை உள்ள மிகக் குறைந்த தடிமன்தான் தொண்டை. "பாரம் தாங்குறது தொண்டைதான் நிவி. காலைப் பாத்து ஏமாந்துடாத," என்றார். பிறகு என் ஸ்கேலை வாங்கி அளந்தார். வெல்டிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகளும் ஒட்டாமல் சந்து விட்டிருந்தது.

"கால் ஆறு மில்லி. சந்து மூணு. கழிச்சிட்டு, பாயிண்ட் செவனால பெருக்கு."

"ரெண்டு புள்ளி ஒண்ணு அக்கா."

"அதுதான் இதோட தொண்டை. வேண்டியது நாலு." அவர் அப்பா பக்கம் திரும்பினார். "பிரிச்சு திரும்ப வெல்டிங் பண்ற வரைக்கும் ஒரு சொட்டு ஏத்தாதீங்க சார். கீழ உங்க பசங்கதான் தூங்குறாங்க."

அப்பா சரியென்றார். அக்கா இருந்தவரை ஏற்றவுமில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "பிரிச்சாச்சா சார்?" என்று கேட்பார். இன்னும் பிரிக்கவில்லை.

லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து எல்லோரும் அலுத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்று மாலை அப்பா போனில், "கேள்வி கேக்க இனிமே யாரு இருக்கா? கூட்டம் முடிஞ்சதும் மோட்டார் போட்டுடலாம்," என்றார். தம்பி என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அவனுக்கு நேர் மேலேதான் தாங்கியின் ஒரு கால்.

அப்பா கெட்டவரில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் எழும்பாது.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பெருக்கல்தான். அதை நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். நாளை இந்தத் தாளைத்தான் எடுத்துவருவேன். பாதியில் என் தொண்டை அடைத்துக்கொண்டால், அக்காவைத் தெரிந்த யாராவது எழுந்துவந்து வாங்கி மீதியைப் படியுங்கள். தாங்கியைப் பிரித்துத் திரும்ப வெல்டிங் பண்ணும்வரை யாரும் மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள்.