நீலவால் மீனுக்கு உரியவர்

செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தபோதுதான் ஸ்டெல்லா இறந்துபோன செய்தி எனக்குத் தெரிந்தது. வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் தி. நகர் மீன் கடைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "என்னிடம் மீன் வளர்ப்பு கற்றுக்கொண்ட சகோதரி ஸ்டெல்லா நேற்று காலமானார். என்னுடைய நீலவால் கப்பி மீன்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல நேசித்தவர்." அதற்குக் கீழே ஏகப்பட்ட பேர் கைகூப்பியிருந்தார்கள்.

உடனே அவருடைய தம்பி ஆரோக்கியத்தை அழைத்தேன். "ஆமா டீச்சர், அக்கா பூட்ச்சு. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிபோச்சு," என்று அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கோபம் அதற்கு முன்பே வந்துவிட்டது. குழுவில் வந்த அந்தச் செய்தியில், ஸ்டெல்லா காலமானார், மீன்களை நேசித்தார் என்பதைத் தவிர மற்ற எல்லாமே பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைக்காரரின் பெயரை எழுத மாட்டேன். தன் பெயர் எங்காவது அச்சில் வந்துவிடாதா என்று அலைகிறவர் அவர். அந்த ஆசையை என் கையால் தீர்த்துவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஸ்டெல்லாவும் நானும் மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் வேதியியல் ஆசிரியை, அவர் ஆய்வக உதவியாளர். பட்டினப்பாக்கத்தில் வீடு. அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா கூடையில் மீன் விற்றவர். பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய கப்பி மீன்கள் இருந்தன. சுண்டுவிரல் நீளம்கூட வராத நன்னீர் மீன் அது. முட்டையிடாது, குட்டி போடும். ஒரு கோடை விடுமுறையில் அவற்றுக்குத் தீனி போட ஆளில்லை என்று ஸ்டெல்லா ஒரு வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் சிரித்தார்களாம். "கொளம்புக்கு ஆவாத மீனுக்கு இன்னாத்துக்குமே தீனி போட்டுக்கினு கீற?" என்று அவருடைய அம்மா கேட்டாராம்.

"கொளம்புக்கு ஆவாதுன்னுதாம்மா போடறேன்," என்றாராம் இவர்.

அந்த மீன்களில் ஒரே ஒரு ஆணுக்கு வாலில் மெல்லிய நீலக் கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் உழைத்தார் ஸ்டெல்லா. மொட்டை மாடியில் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்கள். ஒவ்வொரு ஈற்றிலும் இரண்டு மூன்று குட்டிகளை மட்டும் பொறுக்கித் தனியே விடுவார். மழைக்காலத்தில் டிரம்களுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, நனைந்த புடவையோடு ஆய்வகத்துக்கு வருவார். கடைசியில், பால் போன்ற வெள்ளை உடம்பும் பேனா மை போன்ற நீல வாலும் கொண்ட ஒரு வம்சம் நிலைத்தது. என்னை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டியபோது, "வாலுல ஒரு புள்ளி கூட கெடையாது, பாருங்க டீச்சர்," என்றார். அவர் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மீனுக்குத் தீனி வாங்கப் போகும் பழக்கத்தில்தான் கடைக்காரர் அறிமுகமானார். ஒருநாள் மாடிக்கே வந்தார். "சும்மா அழகுக்கு வெச்சுக்கறேம்மா, விக்க மாட்டேன்," என்று இரண்டு ஜோடி கேட்டு வாங்கிப்போனார். ஆறு மாதம் கழித்து தி. நகரில் ஒரு மண்டபத்தில் வண்ணமீன் கண்காட்சி நடந்தது. நாங்கள் இருவரும் போனோம். முதல் பரிசு பெற்ற தொட்டியில் நீலவால் நீந்திக்கொண்டிருந்தது. கீழே கடைக்காரரின் பெயர்.

"சார், இது என்னுது இல்லியா?" என்று ஸ்டெல்லா மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்தம்மா ஸ்கூல்ல பாட்டில் கழுவறவங்க. மீன் வம்சத்தைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் குமுறினேன். கண்காட்சிக்காரர்களுக்குப் புகார் எழுதலாம் என்றேன். ஸ்டெல்லா வெளியே பார்த்தபடி, "எழுதி இன்னா ஆவப்போவுது? மீனே சொல்லட்டும் டீச்சர்," என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த ஆண்டு கடைக்காரரின் தொட்டிகளில் நோய் வந்து பெட்டைகள் எல்லாம் செத்தன. ஆண்கள் மட்டும் மிஞ்சின. வெட்கமில்லாமல் ஒரு டப்பா மைசூர்பாகோடு ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வந்து பெட்டைகள் கேட்டார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க சார்," என்றார் ஸ்டெல்லா. சொன்னபடி ஆறு பெட்டைகளைக் கொடுத்தார்.

அந்த ஒரு மாதமும் அந்த ஆறு பெட்டைகள் எங்கே இருந்தன என்பதைப் பிறகு என்னிடம் சொன்னார். கொசுப்புழு தின்பதற்காகச் சாக்கடையில் விடுவார்களே, அந்தச் சாம்பல் நிறக் கப்பிகளோடு ஒரே டிரம்மில் இருந்தன. "பொட்டைக்கு ஒரு தபா சேந்தா போதும் டீச்சர். வவுத்துல வெச்சிக்கினு மாசக்கணக்கா குட்டி போட்டுக்கினே இருக்கும். அவரு நீலவால் பொட்டை கேட்டாரு, நீலவால் பொட்டைதான் குடுத்தேன். பொய் சொல்லல."

கப்பிக் குட்டிகளுக்கு நிறம் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். பேராசைக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? பிறந்த சில நாட்களிலேயே, பரிசு பெற்ற வம்சம் என்று ஊரெல்லாம் விற்றார். கே.கே. நகரிலிருந்து அடையாறு வரை வாங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா என்னையும் கடைக்கு அழைத்துப்போனார். வாசலில் கூட்டம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். உள்ளே சாக்கடை மீன். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஸ்டெல்லாவைப் பார்த்ததும், "நீதான் ஏதோ பண்ணியிருக்கே! என்னம்மா குடுத்தே எனக்கு?" என்று கூவினார்.

ஸ்டெல்லா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நான் இன்னா சார் பண்ணேன்? பாட்டில் கழுவறவ. மீன் வம்சத்தைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

கவரைப் பிடித்திருந்த ஒரு பெரியவர், "அப்போ இந்த மீன் இந்தம்மாவோடதா? உன்னுதுன்னு தானேய்யா பரிசு வாங்கினே?" என்று கேட்டார். வேலை தெரிந்த கை போட்ட முடிச்சு அது. ஸ்டெல்லா கொடுத்த பெட்டை சரியில்லை என்று சொன்னால், கடைக்காரர் திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். இன்றைக்கும் மனம் சோர்ந்தால் அதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவர் உள்ளே போய், மிச்சமிருந்த குட்டிகளை வாளியோடு தூக்கிச் சாக்கடையை நோக்கி நடந்தபோது ஸ்டெல்லா பதறிவிட்டார். ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதுங்க இன்னா பாவம் பண்ணிச்சு டீச்சர்? என் கோவத்துக்கு இதுங்களப் பொறக்க வெச்சிட்டேனே," என்று அழுதார். அன்று மட்டும்தான் அவர் அழுது பார்த்திருக்கிறேன். அந்தச் சாம்பல் மீன்கள் அவர் மாடியில் ஆயுசு முடியும்வரை வாழ்ந்தன.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர் ஆயிற்றே என்று, "பாவசங்கீர்த்தனம் பண்ணினேளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பண்ணேன். மீனுங்களக் கஷ்டப்படுத்துனத ஃபாதர்கிட்ட சொன்னேன். கடைக்காரரப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

"அது பாவம் இல்லியே டீச்சர்."

புதன்கிழமை அடக்கத்துக்குக் கடைக்காரர் ஆளுயர மாலையோடு வந்தார். நான் ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். "குரூப்ல போட்டத முதல்ல அழிங்கோ," என்றேன். கொளுத்தும் வெயிலில் நின்று அழித்தார். "இப்போ உள்ள போலாமாம்மா?" என்று கேட்டார். மாலையை மட்டும் வாங்கி ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். வழி விடவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி. இருந்தும் பெட்டியை மூடும்வரை அங்கேயே நின்றேன்.

கல்லறையில் ஃபாதர், "நம் சகோதரி எல்லோரையும் மன்னித்து ஆண்டவரிடம் சென்றார்," என்று சொல்லி ஜெபித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாலையில் ஆரோக்கியத்தோடு மாடிக்குப் போனேன். ஆழ்கடலில் வலை வீசுகிற அந்த மனிதர், டிரம்மின் முன்னால் குத்துக்காலிட்டு, இரண்டு விரலால் தீனியைக் கிள்ளி, "இம்மாத்தூண்டு போதுமா டீச்சர்?" என்று கேட்டார். போதும் என்றேன். தூவினார். தண்ணீரின் மேல்பரப்பு நீலமாகக் கொதித்தது.

போய் வாருங்கள் ஸ்டெல்லா. நீங்கள் யாரையும் மன்னித்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் மன்னிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.