தைப்பூசத்துக்குக் காலியான இடம்

திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த ஆனி மாதமே, விளையாட ஒரு சங்கம் தேடத் தொடங்கினேன். கல்லூரியில் பூப்பந்து ஆடியவன் நான்; இறகுப்பந்து இல்லை, கம்பளிப் பந்து. ஐவர் அணியில் பின்வரிசை, இடது பக்கம். ஐம்பதை நெருங்கும் வயதில் பதக்கம் வேண்டாம்; காலையில் ஓர் ஆட்டம் கிடைத்தால் போதும்.

முதலில் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு ஷட்டில் அரங்கத்துக்குப் போனேன். தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நான்கு நான்கு பேராக வருகிறார்கள். ஐந்தாவது ஆள் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆடி முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு விலகினேன்.

ஆவணியில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பள்ளி மைதானத்தைக் கடக்கும்போது, மஞ்சள் கம்பளிப் பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கேட்டேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஆட மட்டும் விடவில்லை.

அந்தச் சங்கத்தில் இரண்டு அணிகளின் பத்து இடங்களுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் வெளியூர் போனால் அவருடைய மைத்துனர் வந்து நிற்பார். அவருக்கும் முடியாவிட்டால் பங்காளி. வீட்டுமனை மாதிரி இடம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது.

ஒருநாள் புள்ளி எத்தனை என்று தகராறு வந்தது. ஓரத்தில் நின்ற நான், யார் சர்வீஸ் போட்டார், யார் வலையில் அடித்தார் என்று முதலிலிருந்து ஒப்பித்தேன். தோல் வியாபாரியான கேப்டன் கைதட்டினார்.

"சாரு கம்ப்யூட்டருப்பா. ஒரு சேரக் கொண்டாந்து போடுங்க."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்கும்போது "லவ் ஆல்" என்று சொல்லிப் புள்ளிக் கணக்கு வைப்பதே மார்கழி வரை என் வேலை. புது ஷூவின் அடிப்பாகத்தில் மண்கூட ஒட்டவில்லை.

"எனக்கு எப்பண்ணே எடம்?" என்று கேட்டேன்.

"செத்த பொறுங்க சார். பூசத்துக்கு இவிங்க எல்லாம் பழனிக்கு நடக்கப் போயிருவாங்க. மச்சானும் போவான், பங்காளியும் போவான். அப்ப நீங்கதான்."

அவர் சொன்னபடியே நடந்தது. தையில் பச்சை வேட்டிகள் பழனி சாலையில் இறங்கியதும் மைதானம் காலியானது. மிஞ்சியவர்கள் கேப்டனும், அவரோடு மாதா கோயிலுக்குப் போகும் மூன்று பேரும். ஐந்தாவது ஆள் நான். எதிரணிக்கு வேடசந்தூர் மில்காரர்களை வரச்சொல்லியிருந்தார்கள். பைக்குகளில் ஆறு பேர் வந்தார்கள்.

பின்வரிசை இடது பக்கம் போய் நின்றேன். முதல் இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டேன். மூன்றாவது மட்டையின் நடுவில் பட்டு, வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. அதன்பிறகு கை பழைய கையாகிவிட்டது.

நாற்காலி காலியாகக் கிடந்தது. அவரவர் அணி அவரவர் கணக்கைக் கத்திக்கொண்டிருந்தது.

"இருபத்தேழு எங்களுக்கு" என்றார் மில் கேப்டன்.

"எங்களுக்குத்தாம்ப்பா இருபத்தேழு. மில்லுல நூல இழுக்குற மாதிரி இங்க கணக்க இழுக்காத."

"ஆமா, நீங்க மட்டும் தோல அளந்து விக்கிற யோக்கியக."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

"அவங்க இருபத்தேழு, நாம இருபத்தாறு" என்றேன்.

எங்கள் கேப்டன் மட்டையைத் தொடையில் தட்டினார். "சொந்த டீமுக்கே ஆப்பா சார்?"

மில் கேப்டன் சிரித்தார். "இம்புட்டு நேர்மையான ஆளப் போயி ஆட விட்டிருக்கீங்களேண்ணே. வெளிய ஒக்கார வைங்க. எங்ககிட்ட ஒரு ஆளு கூடுதலா இருக்கான், தாரோம்."

அவர்களுடைய ஆறாவது ஆள் நெடுநெடுவென்று இளமையாக இருந்தான். எங்கள் கேப்டன் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

"சாருக்கும் மூச்சு வாங்குதுல்ல" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதைச் சொன்னேன். அதற்குள் நாற்காலியின் தூசியை யாரோ துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பழனி போனவர்கள் திரும்பினார்கள். பின்வரிசை இடது பக்கத்துக்காரர், பூட்டுக்கடை வைத்திருப்பவர், நேராக என்னிடம் வந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை நீட்டினார்.

"என் எடத்தப் பாத்துக்கிட்டீங்களாமே. ரொம்ப சந்தோசம் சார்."

சொல்லிவிட்டு அங்கே போய் நின்றார். பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டப்பாவை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

"லவ் ஆல்" என்றேன்.