நடுவில் மாறியிருந்த எழுத்துகள்

பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடி மாதம், பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை மட்டும் எடுப்போம், கர்ப்பப்பையை எடுக்க மாட்டோம் என்றார் டாக்டர். அதற்குத்தான் அவளும் சம்மதித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காகிதங்களை அடுக்கினேன். ஆபரேஷனுக்கு முன் கொடுத்த தாளிலும் டிஸ்சார்ஜ் தாளிலும், சிகிச்சை என்ற கட்டத்தில் வெறும் ஆங்கில எழுத்துகள். புள்ளி வைத்து மூன்று துண்டு. முதல் துண்டும் கடைசித் துண்டும் இரண்டு தாளிலும் ஒன்றுதான். நடுத்துண்டு மட்டும் வேறு.

நான் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். கடைய வேண்டிய பாகத்தின் டிராயிங் நம்பரில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு பீஸ். அதனால்தானோ என்னவோ, அந்தத் துண்டு கண்ணை உறுத்தியது. சொல்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களோ?

மூன்று நாள் அவளிடம் வாய் திறக்கவில்லை. "இன்னாய்யா, ஆபரேஷன் எனக்கா உனக்கா? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள்.

நாலாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். ரெக்கார்டு அறை வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"உலகம் பூரா இதே எழுத்துதான் சார். முதல்ல எந்த உறுப்பு, நடுவுல என்ன செஞ்சாங்க, கடைசில எந்த வழியா செஞ்சாங்க."

"டிஸ்சார்ஜ் தாள்ல நடுவுல இன்னா போட்டிருக்கும்மா?"

பட்டியலைத் திறந்து அந்த எழுத்துகளைத் தேடினார். "முழுசா எடுத்துட்டதா போட்டிருக்கு."

"கட்டி மட்டும்தான்னு டாக்டர் சொன்னாரேம்மா" என்றேன். அவரே எழுந்து போய் ஆபரேஷன் குறிப்பை எடுத்து வந்தார். அதில் கட்டியை மட்டும் எடுத்ததாகத்தான் இருந்தது.

"என் தப்பு சார். பட்டியல்ல பக்கத்து வரியைத் தட்டிட்டேன். நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது வந்தா, கர்ப்பப்பையே இல்லன்னு நினைச்சு டாக்டருங்க அங்க பார்க்காமலே விட்டிருப்பாங்க."

திருத்திப் புதுத் தாள் கொடுத்தார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஷேர் வேனில் உட்கார்ந்த பிறகு அதுவே உறுத்தியது. இவ்வளவு சுலபமாக மாற்ற முடியுமென்றால், எந்தத் தாளை நம்புவது?

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "என் வயித்தப் பத்தி என்னாண்ட சொல்லாம, ஊரெல்லாம் கேட்டுகினு வந்தியா?" என்றாள்.

தாளைச் சந்தேகப்பட்டதில் எனக்கு வெட்கமில்லை. அவள் உடம்பைப் பற்றிய பயத்தை அவளிடமே மூன்று நாள் மறைத்ததை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

மறுநாள் இருவரும் ஆவடியில் வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். கர்ப்பப்பை இருந்தது.