கையுறையோடு வாங்கிய அழைப்பிதழ்

பணி ஓய்வு பெறும்வரை நான் அரசுக் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்தவன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு செடியின் பெயரைப் பிழையின்றிச் சொல்லும் எவரும் என் மாணவராகவோ, என் மாணவரின் மாணவராகவோதான் இருப்பார். சாதி பார்க்காதவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. அந்தப் பெயரைத்தான் ஒரு ஜோடி கையுறையால் இழக்கப் பார்த்தேன்.

எங்கள் ஆய்வக உதவியாளர் கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டார். களப்பயணத்தில் பார்த்தீனியம் என்னும் நச்சுக் களைச்செடி தென்பட்டால், நான் அதை வெறுங்கையால் பிடுங்கி மாணவர்களுக்கு உயர்த்திக் காட்டுவேன். அவர் சற்றுத் தள்ளி நின்று, “கைக்கு ஒறை போட்டுக்குங்க சார், அரிச்சிப்போடும்” என்பார். செடியைத் தொட அஞ்சுகிறவருக்குத் தாவரவியல் துறையில் என்ன வேலை என்று மாணவர்கள் முன்னிலையிலேயே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டுவதும் ஒரு தோட்டத்தையே களையெடுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அறுபத்தெட்டாம் வயதில்தான் தெரிந்தது.

சென்ற ஆண்டு மழைக்குப் பின் வீட்டுத் தோட்டம் முழுவதும் பார்த்தீனியம் பூத்து நின்றது. மூன்று நாள் வெறுங்கையால் பிடுங்கினேன். நான்காம் நாள் விரல்கள் சிவந்து தடித்துக் கொப்புளம் கட்டின. களையோ பாதிதான் குறைந்திருந்தது. தர்மபுரிக் கடைகளில் என்னைத் தெரியாதவர் இல்லையாதலால் பாப்பாரப்பட்டி வரை பேருந்தில் போய், கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, தோட்டக்காரனுக்கு என்று சொல்லிக் கையுறை கேட்டேன். கடைக்காரர் தோல் உறை, துணி உறை, முழங்கை வரை நீளும் ரப்பர் உறை என மூன்றை எடுத்துப் போட்டார். தோல் நனைந்தால் விறைக்கும். துணி வழியே பூந்தூள் நுழையும். ஆகவே ரப்பரே தகும் என்று முறைப்படி ஆராய்ந்து முடிவுசெய்தேன். தோட்டக்காரருடைய கையளவு என்ன என்றார் கடைக்காரர். ஏறத்தாழ என்னுடையதுதான் என்றேன். “அப்ப நீங்களே போட்டுப் பாத்துருங்க” என்றார். அவசியமில்லை என்று வாங்கி வந்துவிட்டேன்.

அளவு சிறியது. தேங்காயெண்ணெய் தடவி நுழைத்தேன். ஒரு மணி நேரம் களையெடுத்ததில் வேர்த்து, வீக்கமும் கூடி, உறை கழல மறுத்தது. இழுத்துக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது. ஆய்வக உதவியாளரும் அவர் மனைவியும் மகள் திருமணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். அம்மையார் கையில் பூ, பழம், அழைப்பிதழ் வைத்த தட்டு. உறை கழலவில்லை என்று சொல்லியிருக்கலாம். எவரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. “இப்படியே வாங்கிக்கொள்கிறேன்” என்று இரு கைகளையும் நீட்டினேன். அவர் உறையைப் பார்த்தார், மனைவியிடமிருந்து தட்டை வாங்கித் தந்தார், உட்காராமலே விடைபெற்றார். கதவுக்கு வெளியே அம்மையார் சொன்னது தெளிவாகக் கேட்டது: “நம்ம தட்டுன்னா ஒறை போட்டுத்தான் வாங்குவாராட்டம் இருக்குது.” இருபத்தாறு ஆண்டு அவரோடு ஒரே பொட்டலத்தில் வடை தின்றவன் நான். கடைசியில் என் மனைவிதான் கத்தரிக்கோலால் உறையை வெட்டி எடுத்தார்.

பொம்மிடியில் கல்யாணம். மண்டப வாசலில் உதவியாளர் என்னைக் கண்டதும் வழக்கம்போல் கையைப் பற்றாமல், எட்டி நின்று கும்பிட்டார். சுற்றிலும் என் பழைய மாணவர்கள். தோல் உரிந்த இரு கைகளையும் அவர் முன் நீட்டினேன். “பார்த்தீனியம். வெறுங்கையால் பிடுங்கினேன். அன்றைக்கு உறை கழலவில்லை” என்றேன். அவர் என் கைகளைப் பிடித்து, ஆய்வக மாதிரியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அளவு பாக்காம வாங்கிட்டீங்களா சார்?”

மாணவர்கள் சிரித்தார்கள். அம்மையார், “இத அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க? பத்து நாளா இவுரு சரியா சோறே திங்கலீங்க” என்றார். பந்தியில் எனக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி கொண்டுவந்து வைத்து, ரசம் புண்ணில் பட்டால் எரியும் என்று வரிசை முழுவதும் கேட்கச் சொன்னார். உதவியாளர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று மண்டபத்தில் நான் மன்னிப்புக் கேட்டதாக மாணவர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். கேட்கவில்லை. கைகளைக் காட்டினேன்.