சனிக்கிழமை நான்கு மணிக்கு நிற்கும் தட்டல்

‘ஹில்க்கா ரயாலா, நில அதிர்வுக் கண்காணிப்பாளர். லட்சம் ஆண்டுகளை மனத்தில் வைத்து இயங்கும் பொறுமைசாலி’ என்று அணுக்கழிவுக் கிடங்கின் அறிமுகத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். இயந்திரத்தில் காப்பி வடிந்து முடியும்வரைகூடப் பொறுக்காதவர் அவர். பாதியிலேயே குடுவையை உருவிவிடுவார். மிச்சம் சூட்டுத்தட்டில் சொட்டிச் சீறும்.

பின்லாந்தின் மேற்குக் கரையில், நானூறு மீட்டர் ஆழத்தில், பாறைக்குள் கிடக்கிறது கழிவு. யாரும் திருட்டுத்தனமாகக் குடைந்து அதை நெருங்கிவிடக் கூடாதென்று சுற்றிலும் அதிர்வுமானிகளைப் புதைத்திருக்கிறார்கள். அவற்றில் பதியும் ஒவ்வொரு தட்டலுக்கும் ஹில்க்கா காரணம் எழுத வேண்டும்: குளிரில் உறைந்த நிலம் பிளக்கும் பனி வெடிப்பு, குவாரி, ரயில். எந்தத் தட்டலைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று, அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்ளும்.

அந்தப் பிப்ரவரியில் காரணம் தெரியாத தட்டல் ஒன்று வந்தது. சனிக்கிழமைகளில் மட்டும், நான்கு மணிக்குச் சட்டென்று நின்றுவிடும். அது சவ்னா என்னும் நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டும் நேரம். ஆகவே ஆள் உள்ளூர்க்காரன். அதனாலேயே நல்லவன் என்று ஆகிவிடாது. பின்லாந்துத் திருடனும் நீராவியில் குளிக்கத்தானே செய்வான்.

மானிகளை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதில் இடம் தெரிந்தது. மறைந்த கணவரின் தம்பி ஓஸ்மோவின் வீடு. கணவர் போன பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே உறவு. ஒவ்வோர் இலையுதிர்காலமும் வேட்டையாடிய மான்கறியில் பங்கு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவன்.

சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது அங்கே ஏறக்குறைய வன்முறை. அடுத்த சனிக்கிழமை ஹில்க்கா போனார். ஓஸ்மோ தரைக்கடியில் பாறையை உடைத்து நிலவறை செய்துகொண்டிருந்தான். அந்த வட்டாரத்தில் அனுமதியில்லாமல் பாறையைத் தொட்டால் மூடச் சொல்லிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

“பனி வெடிச்சதுன்னு எழுதிடுங்க அண்ணி. உருளைக்கிழங்கு வைக்க ஒரு பொந்து, அவ்வளவுதான்.”

“பனி சனிக்கிழமை பாத்தா வெடிக்கும்? உன்னைப் பனின்னு எழுதினா, நாளைக்கு நெசமா தோண்டுறவனையும் அந்தக் கணினி பனின்னே விட்டுடும் ஓஸ்மோ.”

“அண்ணன் இருந்திருந்தா எழுதியிருப்பாரு.”

“எழுதியிருப்பாரு. அதான் அவரை யாரும் இந்த வேலைக்குக் கூப்பிடலை.”

ஓஸ்மோ கையுறையைக் கழற்றினான். நான்கு மணியாகியிருந்தது, போய்ச் சவ்னா அடுப்பை மூட்டினான். அதை வைத்து அவன் கோபமாக இருக்கிறானா இல்லையா என்று அந்த ஊரில் சொல்லிவிட முடியாது. கடைசியில், சவ்னா சூடாகிவிட்டது, முதலில் நீங்கள் போங்கள் என்றான். போனார்.

நிலவறையை மண் போட்டு மூட வைத்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் வாசலில் கறி எதுவும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான், குளித்துவிட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை, ‘மனிதர் பாறை உடைத்தது, அனுமதியில்லை, ஓஸ்மோ ரயாலாவின் வீடு’ என்று ஹில்க்கா எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.